பழைய தச்சு மேசை கொள்வார்க்கு ஓர் இலக்கணம்

பாயிரம்

மாடு வாங்குபவருக்குச் சுழி பார்க்கச் சாத்திரம் இருக்கிறது. மனை வாங்குபவருக்கு வாஸ்து இருக்கிறது. பழைய தச்சு மேசை வாங்கப் போகிறவர் மட்டும் துணைக்கு ஒரு மைத்துனரை அழைத்துக்கொண்டு வெறுங்கையோடு கிளம்புகிறார். மைத்துனருக்கும் ஒன்றும் தெரியாது. இக்குறை நீக்குவதே இவ்விலக்கணத்தின் பயன்.

நம் மரபுத் தச்சர் தரையில் அமர்ந்து, மரத்தைக் காலால் அழுத்திப் பிடித்து இழைப்பவர். அவருக்கு மேசை வேண்டியிருக்கவில்லை. நின்று இழைக்கும் மேசை தொழிற்பள்ளி, ரயில்வே பணிமனை, ஆலை ஆகியவற்றின் வழியாகவே இங்கே பரவியது. எனவே முதலில் கேட்க வேண்டியது, "எந்த இடத்து மேசை?" என்பதே.

1. பிறப்பியல்

பிறப்பால் மேசை ஐவகைப்படும்.

பள்ளி மேசை: ஐடிஐ, பாலிடெக்னிக், பழைய உயர்நிலைப் பள்ளியின் கைத்தொழில் வகுப்பு ஆகிய இடங்களிலிருந்து ஏலத்தில் வெளிவருவது. இருபுறமும் மரத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் இருக்கும். மேற்பலகையில் மாணவர் தம் பெயரையும், தாம் விரும்பியவர் பெயரையும் உளியால் செதுக்கியிருப்பர். அக்காதல்களின் ஆழம் பெரும்பாலும் இரண்டு நூலைத் தாண்டாது. இழைப்புளி போட்டால் போய்விடும். இது நன்று.

பேட்டர்ன் மேசை: கோயம்புத்தூர் வார்ப்படாலைகளைச் சேர்ந்தது. பம்பு, மோட்டார் உறைகளை வார்ப்பதற்கு முன் அதே வடிவத்தை மரத்தில் செய்து மணலில் பதிப்பார்கள். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அதற்கும் சேர்த்து அளவு கூட்டிச் செய்ய வேண்டும். அத்தனை நுணுக்கமாக வேலை செய்தவர்கள் தம் மேசையைக் கோணலாக வைத்திருக்க மாட்டார்கள். கணினி இயந்திரங்கள் பேட்டர்ன் செதுக்கத் தொடங்கியபின் இவற்றில் பல மூலைக்குப் போயின. இது உத்தமம்.

ஃபிட்டர் மேசை: மேலே தகரம் அடித்திருக்கும்; கிரீஸ் நாறும். இதன் வைஸ் இரும்பைப் பிடிக்கும் பல் கொண்டது, மரத்தைக் கடித்து வடு செய்யும். எண்ணெய் ஊறிய பலகையில் கிடந்த மரம் பிறகு பாலிஷ் ஏற்காது. மத்திமத்துக்கும் கீழ்.

சைட் மேசை: கட்டட வேலைக்காகச் சென்ட்ரிங் பலகையில் அவசரமாக அடித்தது, கிரகப்பிரவேசத்தன்று விலைக்கு வருவது. ஆணியும் சிமென்ட்டும் இதன் உறுப்புகள். அதமம்.

போலி மேசை: காபிக் கடைக்கும் வரவேற்பறைக்கும் என்றே பழசாக்கிச் செய்தது. வைஸ் சுற்றும், பிடிக்காது. ஐந்திலும் விலை கூடியது இதுவே.

2. விற்பாரியல்

விற்பார் மூவகையினர்: அறிந்து விற்பார், அறியாது விற்பார், அறிந்தும் அறியார்போல் விற்பார்.

அறிந்து விற்பவர் ஓய்வுபெற்ற ஆசாரி. "தம்பி, இந்தக் கால் மட்டும் நான் மாத்தினது" என்று குறையைத் தாமே சொல்லிவிடுவார். விலையில் மட்டும் இறங்கமாட்டார்.

அறியாது விற்பவர் காயலான் கடைக்காரர். வைஸைக் கழற்றி இரும்பு விலைக்கும், மரத்தை விறகு விலைக்கும் பிரித்துப் போடுவதற்கு முந்திய நாள் அவரிடம் போய்ச் சேர்வது கொள்வாரின் ஊழ்.

மூன்றாமவர், "பர்மா தேக்கு சார், வெள்ளைக்காரன் காலத்துது" என்பார். இவர் வாயில் ரப்பர் மரமும் சில்வர் ஓக்கும்கூடப் பர்மா தேக்குதான். மறுத்துப் பேச வேண்டாம். குனிந்து, வார்னிஷ் படாத அடிப்பக்கத்தில் பேனாக்கத்தியால் சிறிது சுரண்டி மூக்கருகே கொண்டுபோக வேண்டும். தேக்குக்குத் தோலும் எண்ணெயும் கலந்த ஒரு மணம் உண்டு; எத்தனை ஆண்டு ஆனாலும் சுரண்டினால் எழும். எழாவிட்டால் மௌனமாக விலையைப் பாதியாக்கிச் சொல்லலாம்.

3. குற்றவியல்

குற்றம் இருவகை: தோற்றக் குற்றம், உயிர்க் குற்றம்.

உளி வெட்டு, ரம்பக் கீறல், பெயின்ட் கறை, பசைக் கட்டி, தேநீர் வட்டம் ஆகியவை தோற்றக் குற்றம். இவை கொள்வாரின் நண்பர்கள். விலையைக் குறைக்கும், வேலையைக் கெடுக்கா.

உயிர்க் குற்றம் நான்கு.

ஒன்று, பூச்சி. காலின் அடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஈரம் ஏறுவதும் கரையான் ஏறுவதும் அவ்வழியே. துளை இருப்பதால் மட்டும் அஞ்ச வேண்டாம். தட்டும்போது துளையிலிருந்து மாவுபோல வெளிறிய தூள் கொட்டினால் உள்ளே குடியிருப்பு இருக்கிறது என்று பொருள்.

இரண்டு, முறுக்கல். பலகையின் இரு கோடியிலும் நேரான ரீப்பர் ஒவ்வொன்று வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி, முன்னதன் விளிம்பு வழியே பின்னதைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே கோடாகத் தெரியாவிட்டால் பலகை முறுக்கியிருக்கிறது. சிறிதானால் இழைத்துச் சரிசெய்யலாம். அரை அங்குலமானால் வணக்கம் சொல்லிவிட்டு வரலாம்.

மூன்று, வைஸ். வார்ப்பிரும்பு வாயில் விரிசல் இருந்தால் வேண்டாம். ஒரு கட்டையை இறுக்கிவிட்டு இழுத்தால் வழுக்கக் கூடாது. புரி தேய்ந்தது வழுக்கும். தச்சு வைஸின் வாய் மேல்பக்கம் சற்று உட்சாய்ந்திருந்தால் அது குற்றமன்று: இறுக்கும்போது மேல்விளிம்பு முதலில் பிடிக்க வேண்டும் என்றே அப்படிச் செய்கிறார்கள். மைத்துனர் இதைக் குறையெனக் காட்டுவார். காட்டட்டும், பேரத்துக்கு ஆகும்.

நான்கு, ஆட்டம். இதுவே குற்றங்களின் அரசு. மேசையின் நீளவாக்கில் இடுப்பை வைத்துத் தள்ளிப் பார்க்க வேண்டும். இழைப்பின் விசை அந்தத் திசையில்தான் போகிறது. கால் தரையில் ஆடினால் சிறு கட்டை வைத்துத் தீர்க்கலாம். குடுமி துளையில் ஆடினால் புதிதாக ஆப்பு அடித்து இறுக்கலாம். ஆனால் முன்பே யாரோ அந்த மூட்டில் ஆறு ஆணி அறைந்திருந்தால் மருந்தில்லை. மழைக்காலத்தில் மரம் ஊதி மூட்டு இறுகியிருக்கும். ஐப்பசியில் அசையாதது சித்திரையில் அசையும் என்று அறிக.

4. விலையியல்

விலைக்கு அடிப்படை மரத்தின் அளவு; அதில் பலகையின் கனம் குறித்து மேலை ஆசிரியர் ஒருவரையும் கேட்போம். பாரிஸ் தச்சர் ஆந்த்ரே ஜேக்கப் ரூபோ, 1769-இல் வெளிவரத் தொடங்கிய தம் நூலில், மேற்பலகைக்கு ஐந்தாறு அங்குலக் கனம் விதித்தார். நமக்கு மூன்று போதும். ஆறடி நீளம், இரண்டடி அகலம், மூன்று அங்குலக் கனம் என்றால் 3 கன அடி. கால்கள் நாலங்குலச் சதுரம், இரண்டரை அடி உயரம். நான்குக்கும் சேர்த்து ஒரு கன அடிக்குச் சற்று மேல். தேக்கு ஒரு கன அடி ஏறக்குறைய 18 கிலோ. ஆக மேசை எழுபத்தைந்து கிலோவைத் தொடும். பழைய மரம் கன அடி என்ன விலை என்று வேறொரு கடையில் முதலில் விசாரித்து, அதோடு வைஸின் விலையைக் கூட்டினால் நியாயமான தொகை வரும். "வெள்ளைக்காரன் காலத்துது" என்பதற்குத் தனிக் கூலி இல்லை. குட்டியானை வாடகை, ஏற்று கூலி, இறக்கு கூலி, மாடிப்படித் திருப்பத்தில் மேசை சிக்கிக்கொண்டபின் கேட்கப்படும் கூலி ஆகிய நான்கும் கொள்வாருடையவை.

5. கொள்வாரியல்

கொள்வார் இருவர். இழைப்பதற்கு வாங்குபவர் ஒருவர். பணி ஓய்வுக்குப் பின் இழைக்கப் போவதாக எண்ணி வாங்குபவர் மற்றவர். இரண்டாமவர் மேசையில் முதல் மாதம் இழைப்புளியும், மூன்றாம் மாதம் செய்தித்தாளும், ஆறாம் மாதம் இஸ்திரிப் பெட்டியும் காணப்படும். அதுவும் மேசைக்கு நன்றே. பாரம் தாங்கவே பிறந்தது அது.

புறனடை

சொல்லாமல் விடுபட்டவற்றைச் சொல்லியவற்றால் உய்த்துணர்ந்துகொள்க. எல்லாம் மறந்தாலும் ஒன்று நினைவிருக்கட்டும்: மேலே இருக்கும் தழும்பைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லாதீர்கள், கீழே குனிந்து பார்க்காமல் வேண்டும் என்றும் சொல்லாதீர்கள். முன்பணம் கொடுக்குமுன் மாடிப்படியையும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.