ஆத்துத் திருவிழாவில் அம்மா என்ன சாப்பிட்டாள்?

தை பிறந்து ஐந்தாம் நாள் மணலூர்பேட்டையில் ஆத்துத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காகத் தென்பெண்ணைக்கு எழுந்தருள்வார். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து சாமிகளும் சனங்களும் ஆற்றங்கரையில் வந்து சேருவார்கள். என் சிறுவயதில் இந்த ஊர் தென்னாற்காடு மாவட்டம். 1993-இல் விழுப்புரம் ஆனது, 2019-இல் கள்ளக்குறிச்சி ஆனது. மாவட்டம் எதுவானாலும் தை ஐந்து தை ஐந்துதான். ஆனால் அன்றைக்கு ஆற்றங்கரையில் என்ன சாப்பிடுகிறோம், யார் சாப்பிடுகிறார்கள் என்கிற இரண்டும் தலைகீழாக மாறியிருக்கின்றன.

அன்று மாட்டுவண்டியில் போவோம். வீட்டுப் பெண்கள் கோழி கூவுமுன் எழுந்து புளிச்சோறு கிளறித் தூக்குவாளியில் அடைத்து எடுத்து வருவார்கள். சாத்தனூர் அணையில் தண்ணீர் விட்டால்தான் ஆறு ஓடும். மற்றபடி கண்ணுக்கெட்டிய தூரம் மணல். அந்த மணலில் துண்டை விரித்தால் அதுதான் பந்தி. பொழுது சாய்ந்ததும் கடைகளில் பெட்ரோமாக்ஸ் எரியும். கரும்பு, பொரிகடலை, பேரீச்சம்பழம், சர்க்கரைவள்ளி, பனங்கிழங்கு, அவித்த மரவள்ளி என்று சாக்கு விரித்துக் குவித்திருப்பார்கள். கரும்பு மூங்கில்துறைப்பட்டு ஆலைப் பக்கத்துக் கழனியில் விளைந்தது. மரவள்ளி கல்வராயன் மலையடிவாரத்தில் பிடுங்கியது. பேரீச்சம்பழத்தைத் தவிர எல்லாமே பக்கத்து மண்ணில் விளைந்தவை.

பனங்கிழங்கை உரித்துத் தருவது அம்மாவின் வேலை. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்த கிழங்கின் மேல்தோலை உரித்து, நுனியைக் கிள்ளி, இரண்டாக வகிர்ந்து, நடுவிலிருக்கும் பீலியை உருவி எறிவாள். பிறகு நாரை இழை இழையாக இழுத்துவிட்டு, சதைப்பற்றான துண்டுகளை எங்களுக்கு ஒடித்துக் கொடுப்பாள். நார் விடாத நுனித்துண்டு அவள் வாய்க்குப் போகும். ஆண்கள் பஜ்ஜிக் கடைக்குப் போய்ச் சுடச்சுடத் தின்று, டீ குடித்துவிட்டு வருவார்கள். அந்தக் கடை முன்னால் பெண்கள் நின்று நான் பார்த்ததில்லை. "கடைத்தெருவில் நின்னு திங்கிறவ" என்பது அந்நாளில் ஒரு வசவு. எண்ணெய்ச் சட்டியில் பஜ்ஜி பொரிகிற வாசனை அம்மா உட்கார்ந்திருந்த இடம்வரை வரும். "உனக்கும்மா?" என்று கேட்டால், "எனக்கு வேணாம், நீங்க சாப்பிடுங்க" என்பாள். எங்கள் தெருவில் எல்லா அம்மாக்களும் இதையேதான் சொன்னார்கள். இத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் எப்படிப் பசியில்லாமல் போகும் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.

இன்றைய திருவிழாவில் எல்.இ.டி. விளக்கு வெளிச்சத்தில் தள்ளுவண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. காலிபிளவர் சில்லி, காளான், பானிபூரி, டெல்லி அப்பளம், பாப்கார்ன். அவற்றின் முன்னால் முண்டியடிப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2023 செப்டம்பர் முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை வருகிறது. அதற்கு முன்பே நூறுநாள் வேலைக் கூலி அவர்கள் கைக்கு வந்துவிட்டது. வண்டி பூட்டச் சொல்லி யாரையும் கேட்க வேண்டியதில்லை, இடுப்புச் சுருக்குப்பையில் இருப்பதற்குக் கணக்கும் சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரர் பூரியைக் கட்டைவிரலால் உடைத்து, உருளைக்கிழங்கை அடைத்து, புளிரசத்தில் முக்கி நீட்டுகிறார். "காரம் இன்னும் கொஞ்சம் போடுங்க தம்பி" என்று என் அண்ணி தட்டை நீட்டுகிறார். அறுபதைத் தாண்டியவர். முதல் பூரி அவருக்கு, அடுத்தது பேத்திக்கு. அந்தக் காட்சிக்காக இந்தத் திருவிழாவை நூறு முறை கும்பிடலாம்.

ஆனால் பெண்கள் கடைக்கு வந்து சேர்வதற்குள், நம் மண்ணில் விளைந்ததெல்லாம் கடையைவிட்டுப் போய்விட்டது. காலிபிளவரின் சிவப்பைப் பார்த்தாலே நாக்கு கூசுகிறது. துணிச் சாயமான ரோடமைன்-பி கலந்திருந்ததால் பஞ்சுமிட்டாய்க்கே 2024 பிப்ரவரியில் தமிழக அரசு தடை போட வேண்டிவந்தது. பனங்கிழங்குக் கட்டோடு வரும் பாட்டிகளோ, விளக்கு எட்டாத ஓரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

கிழங்கு பழைய காலத்துத் தீனி, அதனால் ஒதுங்கிவிட்டது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இந்தோனேசியாவில் 'பசார் மாலம்' என்ற இரவுச் சந்தைகள் பெயர் பெற்றவை. அந்த நாட்டிலும் மரவள்ளி ஏழை எளியவர்களின் சாப்பாடாக இருந்ததுதான். அங்கே அதைப் பொன்னிறமாகப் பொரித்துச் சூடாகத் தருகிறார்கள்; அவித்து மசித்து, வெல்லம் சேர்த்து, தேங்காய்த் துருவல் தூவி 'கெதுக்' என்று விற்கிறார்கள். யோக்யகர்த்தா நகரில் இரவானால் பாய் விரித்துக் குடும்பத்தோடு தரையில் அமர்ந்து சாப்பிடும் வழக்கமும் உண்டு. நம் கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களிலோ மரவள்ளி ஏக்கர் ஏக்கராக விளைந்து, லாரி லாரியாக ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. கடுகு, மிளகாய் தாளித்துத் தேங்காய் தூவிய ஒரு தட்டு மரவள்ளி நம் ஆற்றங்கரையில் கிடைக்கவில்லை.

திருவிழாக் கடைகளுக்கு இடம் ஒதுக்குகிறவர்களிடம் ஒரு கோரிக்கை. விளக்கு வெளிச்சமுள்ள நடுவரிசையில் கிழங்கு விற்கும் பெண்களுக்கு வாடகை இல்லாமல் இடம் கொடுங்கள். மகளிர் குழுக்களுக்கு ஓர் அடுப்பும் கடாயும் கொடுத்தால் மரவள்ளித் தாளிப்பும் சர்க்கரைவள்ளி வறுவலும் பானிபூரிக்குப் பக்கத்திலேயே விலைபோகும். எந்த வண்டியையும் விரட்ட வேண்டாம். அம்மாவுக்கு அன்று கிழங்கு இருந்தது, சூடு இல்லை. அண்ணிக்கு இன்று சூடு இருக்கிறது, கிழங்கு இல்லை. அண்ணியின் பேத்திக்கு இரண்டும் ஒரே தட்டில் கிடைக்க வேண்டும். அடுத்த தை ஐந்துக்கே அதைச் செய்துவிடலாம்.