கண்மாய்க்குள் ஒரு கயாக்

மதுரைக்காரர்களுக்கும் மீனுக்கும் உள்ள சொந்தம் பெரிது. பாண்டியர் கொடியில் மீன், காசில் மீன். பரஞ்சோதி முனிவர் இன்னும் ஒரு படி மேலே போய், திருவிளையாடற் புராணத்தில் வலை வீசிய படலம் பாடி, சொக்கநாதரையே வலையும் கையுமாகக் கடற்கரைக்கு அனுப்பிவைத்தார். சுறாவாகத் திரிந்து அட்டகாசம் செய்தது நந்தி. அந்தச் சுறாவைப் பிடிப்பவருக்கே என் பெண் என்று பரதவர் தலைவன் சொல்லியிருந்ததால், ஒரே மீனில் கல்யாணமும் முடிந்தது. எங்கள் வட்டாரத்தில் மீன் பிடித்து ஒருவர் உருப்பட்டதற்கு எனக்குத் தெரிந்து அதுதான் கடைசிச் சான்று.

இத்தனை பெருமையும் இருக்கிறது. கடல் மட்டும் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆற்றைப் பற்றிக் கேட்க வேண்டாம். வைகையில் தண்ணீர் வந்தால் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிற ஊர் இது. 1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய தெப்பக்குளத்திலேயே பல வருசம் பையன்கள் ஸ்டம்பு நட்டுக் கிரிக்கெட் ஆடினார்கள். நகருக்குள் இருந்த கண்மாய்களில் பல இன்று கட்டடங்களாகிவிட்டன. உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில் 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை நடக்கிறது. அங்கே இப்போது சிக்குவது வேறு வகை மீன்கள்.

ஆகவே தூண்டில் போட ஆசைப்படுகிறவன் மேலூர்ப் பக்கமோ, நிலையூர்ப் பக்கமோ ஒரு கண்மாய்க் கரையைத் தேடிப் போக வேண்டும். போனால் முதலில் ஒரு விசயம் பிடிபடும். கண்மாயில் நல்ல நாள் கெட்ட நாள் கணக்கே தலைகீழ். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டி, பெரியாற்றுத் தண்ணீரும் வந்து சேர்ந்து, கண்மாய் கடல் மாதிரி கிடக்கிறதா? சம்சாரிக்கு நல்ல நாள், தூண்டில்காரனுக்குக் கெட்ட நாள். அத்தனை பெரிய பரப்பில் மீன் எங்கே நிற்கிறது என்று மீனுக்கே தெரியாது. பங்குனி, சித்திரையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கி, கரையில் சேறு பாளம் பாளமாக வெடிக்கிறதா? சம்சாரி வானத்தைப் பார்த்துக் கும்பிடுவான். தூண்டில்காரன் மண்வெட்டி எடுத்துக்கொண்டு புழு தோண்டப் போவான். ஒரே வீட்டில் அண்ணன் விவசாயம், தம்பி மீன் என்று இருந்தால் வருசம் முழுக்க ஒருவன் முகத்தில்தான் சிரிப்பு இருக்கும்.

இது தெரியாமல்தான் என் மச்சினன் சிங்கப்பூரிலிருந்து கயாக் கொண்டுவந்தான். காற்றடைக்கிற கயாக். மடித்தால் பெட்டிக்குள் அடங்கிவிடும். பம்பால் ஊதினால் ஆள் நீளத்துக்கு ஒன்றரை மடங்கு. துடுப்பு, லைஃப் ஜாக்கெட், தூண்டில் கம்பு சொருக ஓட்டை, டீ டம்ளர் வைக்கக் குழி. கண்மாய்க்குப் போகிற மனுசனுக்கு டம்ளர் வைக்க ஏன் குழி என்று என் மாமியார் கேட்டார். அங்கே எல்லாரும் அப்படித்தான் அத்தனை வசதியோடு மீன் பிடிக்கிறார்கள் என்றான். மீன் கிடைக்குமா என்றார். கிடைத்தால் முத்தம் கொடுத்துத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள் என்றான். மாமியார் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் அடுப்பில் சாம்பார் வைத்துவிட்டார்.

கண்மாய்க்குப் போன அன்று தண்ணீர் கலுங்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுமதி வாங்கினோம். படகைப் பார்த்துவிட்டு அவர் தாராளமாகச் சிரித்தார். தன் மீனுக்கு ஆபத்தில்லை என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். மடைப் பக்கம் ஒரு பெரியவர் லாரி டியூபில் உட்கார்ந்து வலை கட்டிக்கொண்டிருந்தார். டியூபின் நடுவில் சாக்கு கட்டியிருந்தது. துடுப்பு என்று தனியாக ஒன்றுமில்லை, இரண்டு கைதான்.

“என்ன தம்பி இது, குளிக்கிற தொட்டியா?”

“இல்லங்கய்யா, கயாக். இதுல போயி மீன் புடிக்கலாம்.”

“பிடிங்க, பிடிங்க. மரத்துப் பக்கம் மட்டும் போயிராதீக.”

மரத்துப் பக்கம் போகாமல் கண்மாயில் எந்தப் பக்கம் போவது? எங்கள் ஊர்க் கண்மாய்களின் உள்வாயில் வனத்துறை வளர்த்த நாட்டுக் கருவேலங்காடு உண்டு. மழைக்காலத்தில் பாதி மரம் தண்ணீருக்குள் நிற்கும். கொக்குக்கும் நாரைக்கும் அது வீடு. விராலுக்கும் வீடு. மச்சினன் விராலைத் தேடி நேரே அங்கேதான் விட்டான்.

கயாக்கைக் கண்டுபிடித்தவர்கள் வடதுருவப் பக்கத்து இன்யூட் மக்கள். எலும்பிலும் மரத்திலும் சட்டம் கட்டி, அதன் மேல் சீல் தோலை இழுத்துத் தைத்து, பனிக்கட்டி மிதக்கிற கடலில் சத்தமில்லாமல் போய் வேட்டையாடுவதற்குச் செய்த படகு. குளிர், அலை, வால்ரஸ் என்று எல்லாவற்றையும் யோசித்துச் செய்தவர்கள். விரல் நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று நிற்கும் கருவேல முள்ளை மட்டும் அவர்கள் பார்த்ததில்லை.

முதலில் ‘உஸ்’ என்று ஒரு சத்தம். பாம்பு என்று நினைத்து மச்சினன் துடுப்பைத் தூக்கினான். தூக்கிய வேகத்தில் படகு சாய்ந்து அடுத்த கிளையில் போய் உட்கார்ந்தது. இரண்டாவது ‘உஸ்’. நெஞ்சளவுத் தண்ணீர்தான் என்பதால் உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் லைஃப் ஜாக்கெட் போட்டவன் நெஞ்சளவுத் தண்ணீரில் நடக்க முடியாது, மிதப்பான். மிதந்துகொண்டே இருந்தவனைப் பெரியவர் டியூபில் போய் இழுத்துவந்தார். “நாந்தான் சொன்னேனே தம்பி” என்பதை அவர் சொல்லவே இல்லை. அந்த நாகரிகம் எங்கள் வீட்டில் யாருக்கும் இருக்கவில்லை.

அடுத்து பஞ்சர் கடை. கடைக்காரத் தம்பி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “எந்த வண்டி டியூப்ணே இது?” என்றார். ஓட்டை எங்கே என்று பார்க்கத் தண்ணீர்த் தொட்டியில் முக்க வேண்டும். தொட்டியைவிடப் படகு பெரிது. கொஞ்ச நேரம் யோசித்து, “அண்ணே, இத கம்மாயில போட்டு எங்க முட்டை வருதுன்னு பாத்துட்டு வாங்க, நான் ஒட்டித் தாரேன்” என்றார். அதாவது ஓட்டையான படகைக் கண்மாயில் விட வேண்டும்.

அந்த நாட்களில் பெரியவரோடு நல்ல பழக்கமாகிவிட்டது. டியூபுக்கு முன்னால் அவர் தெர்மாகோல் வைத்திருந்தாராம். நாலு பலகையைச் சாக்கில் சுற்றி, மூங்கில் வைத்துக் கட்டி, மேலே உட்கார்ந்து போவது. மதுரையில் தெர்மாகோல் என்ற பேரைச் சொன்னாலே எதிரில் நிற்பவர் முகம் ஒரு மாதிரி ஆகும். 2017 ஏப்ரலில் அமைச்சர் செல்லூர் ராஜு வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமலிருக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட, காற்று அவற்றை அன்றைக்கே கரை ஒதுக்கிவிட்டது. நாடு முழுக்கச் சிரித்தது. நியாயமாகப் பார்த்தால், தண்ணீரை மூடி வைக்கிற யோசனை ஒன்றும் கேலிக்குரியதல்ல. லாஸ் ஏஞ்சல்ஸில் 2015இல் ஒரு நீர்த்தேக்கத்தில் 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பந்துகளைக் கொட்டினார்கள். காற்றில் பறக்காதபடி அந்தப் பந்துகளுக்குள் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். எங்கள் பெரியவர் அதையெல்லாம் கேட்டுவிட்டு, “மேல ஒரு ஆள் ஒக்காந்துருந்தா எப்புடி பறக்கும்?” என்றார். பொறியாளர்கள் இதைக் கவனிக்கலாம்.

நல்ல நாளே வரவில்லையா என்றால், வந்தது. ஒட்டுப் போட்ட கயாக்கில் மரங்களுக்கு எட்டிப் போய் மச்சினன் ஒரு காலை நேரம் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். முதலில் சிலேபி வந்தது. 1952இல் இந்தியாவுக்குள் வந்த இந்த மீன், எங்கள் பக்கத்தில் குடும்ப அட்டை வாங்காத குறைதான். மைதா உருண்டைக்கும் வரும், புழுவுக்கும் வரும், வெறும் முள்ளுக்கும் வரும். அப்புறம் தண்ணீரின் மேலே செக்கச் செவேலென்று ஒரு கூட்டம் புரண்டு போனது. விரால் குஞ்சுகள். அதற்குக் கீழே தாயும் தகப்பனும் நிற்கும். பக்கத்தில் எது வந்தாலும் பசிக்காக இல்லாவிட்டாலும் கோபத்துக்காகவே கடிக்கும். தவளையைக் கோத்து அதன் நடுவில் போட்டால் விரால் நிச்சயம். மச்சினன் கை நடுங்கக் கோத்துவிட்டான்.

“ஏய், போடாத!” என்று டியூபிலிருந்து சத்தம். “குஞ்சோட திரியிற தாய எவனாச்சும் பிடிப்பானா? இத நீ தூக்குனா சாயங்காலத்துக்குள்ள அம்புட்டுக் குஞ்சயும் மத்த மீனு தின்றும்.”

முத்தம் கொடுத்துத் திருப்பி விடுவதாக மச்சினன் சமாதானம் சொன்னான். பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “விராலுக்கா?” என்றார். தவளையை அவிழ்த்துவிட்டோம். அன்றைக்கு இரண்டு சிலேபியோடு வீடு திரும்பினாலும், அதை நான் நல்ல நாள் கணக்கில்தான் வைத்திருக்கிறேன். மச்சினன் கெட்ட நாள் கணக்கில் வைத்திருக்கிறான்.

அதன் பிறகு வெயில் ஏறியது. கண்மாய் சுருங்கச் சுருங்க கயாக் போகிற இடமும் சுருங்கியது. கடைசியில் தரை தட்டி நின்றது. மச்சினன் லீவு நீட்டித்திருந்தான். கயாக்கை மடித்துப் பெட்டியில் வைக்கலாம் என்றிருந்தபோது பக்கத்து ஊரில் கண்மாய் அழிகிறது என்று சேதி வந்தது. புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம்: அறுப்பு முடிந்து தண்ணீர் வற்றியதும் ஊரே இறங்கி மீன் பிடிப்பதற்குத்தான் அந்தப் பேர். சுவரொட்டியில் மீன்பிடித் திருவிழா என்று போடுவார்கள். பல ஊர்களில் இதற்கென்றே கண்மாயைக் குத்தகைக்கு விடாமல் வைத்திருப்பார்கள். வெளியூர்க்காரனும் இறங்கலாம்.

விடியுமுன்னே கரை முழுக்க ஆட்கள். மினி வேன், டிராக்டர், ஒரு வண்டிக்கு மூன்று பேர். கையில் ஊத்தா, கச்சா, அரிகூடை, கொசுவலை, பழைய சேலை. மச்சினன் தோளில் காற்றடைத்த கயாக். எல்லாரும் அவனுக்கு வழிவிட்டார்கள்; மரியாதையா பயமா தெரியவில்லை. ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசினார்கள். அவ்வளவுதான். அத்தனை ஜனமும் ஒரே நேரத்தில் சேற்றில் குதித்தது.

ஊத்தா என்பது அடியும் தலையும் திறந்த மூங்கில் கூடை. சேற்றில் சதக் சதக்கென்று குத்திக்கொண்டே போக வேண்டும். உள்ளே மீன் மாட்டினால் மூங்கிலில் முட்டும். மேல் வாய் வழியாகக் கையை விட்டு எடுக்கலாம். கெளுத்தியாக இருந்தால் அது முதலில் நம்மை எடுக்கும். என் காலுக்கு நடுவிலேயே ஒரு கட்லா துள்ளிப் போனது. பக்கத்தில் ஒரு பாட்டி சேலைத் தலைப்பால் அயிரையை அள்ளிக்கொண்டிருந்தார். மதுரை ஓட்டல்களில் அயிரைக் குழம்பு விலை தெரிந்தவர்களுக்கு அந்தச் சேலையின் மதிப்பு புரியும்.

கயாக்? கணுக்கால் தண்ணீரில் அது எங்கே போகும். மச்சினன் அதன் மேல் துடுப்போடு உட்கார்ந்து கொஞ்ச நேரம் சேற்றைத் தள்ளிப் பார்த்தான். அப்போது ஒரு அக்கா கேட்காமலேயே இரண்டு கெண்டையை அதற்குள் போட்டுவிட்டு, “செத்த நேரம் பாத்துக்கங்க தம்பி” என்று போனார். அவரைப் பார்த்து இன்னொருவர் விராலைப் போட்டார். துள்ளினாலும் வெளியே விழாத உயரம், சேற்றில் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும் அடிப்பாகம். அரை மணி நேரத்தில் கயாக் நிறைந்தது. மச்சினன் கயிற்றைக் கட்டிக் கரைக்கும் கண்மாய்க்குமாக இழுத்துக்கொண்டிருந்தான். டம்ளர் வைக்கிற குழியில் யாரோ உயிருள்ள குறவை இரண்டை, தண்ணீரோடு பத்திரமாக வைத்திருந்தார்கள்.

பிடித்த மீனை விற்கக் கூடாது. வீட்டில் சமைக்கலாம், சொந்தபந்தத்துக்குக் கொடுக்கலாம், அதுதான் வழக்கம். கொடுத்தால் அடுத்த வருசம் மழை உண்டு என்று நம்பிக்கை. இழுத்த கூலிக்கு ஆளுக்கொரு மீன் என்று மச்சினனுக்கே ஒரு சாக்கு சேர்ந்தது. மாமியார் அன்றைக்குத்தான் அவனை வாசல்வரை வந்து வரவேற்றார். அயிரையை உப்புத் தண்ணீரில் போட்டு மண் கக்கவிட்டு, குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. அந்த ஊர்க்காரர் ஒருவர். வரும் ஞாயிற்றுக்கிழமை அவருடைய மாமனார் ஊரிலும் கண்மாய் அழிகிறதாம்.

“கண்டிப்பா வர்றோம்ணே” என்றான் மச்சினன், பூரிப்போடு.

“நீங்க எதுக்கு தம்பி அம்புட்டுத் தூரம் அலையிறீக? தொட்டிய மட்டும் பஸ்ல ஏத்தி விடுங்க, நாங்க எறக்கிக்கிறோம்.”