வெள்ளையிலே எத்தனை வெள்ளை!

கேள்வி: ஐவரி, கிரீம், முத்து வெள்ளை ஆகிய மூன்றும் ஷேடு கார்டில் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. கூடத்துக்கு எதைத் தேர்ந்தெடுப்பது? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: மூன்றையும் தூய வெள்ளைக் காகிதத்தின்மேல் வையுங்கள், அதுவரை பரம சாதுவாக இருந்தவற்றில் ஒன்று மஞ்சளையும், ஒன்று ரோஜாவையும், ஒன்று பச்சையையும் ஒப்புக்கொண்டுவிடும். பாரிஸ் நகரத்துக் கோபெலின் நெசவுச்சாலையில் சாயப் பகுதிக்குத் தலைவராயிருந்த ஷெவ்ரூல் என்ற ரசாயன நிபுணர், கறுப்புச் சாயம் சோபிக்கவில்லை என்று வந்த புகாரை ஆராய்ந்து, தோஷம் சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் வர்ணத்தில்தான் இருக்கிறது என்று கண்டு, அவ்விஷயத்தை 1839-ல் ஒரு பெரிய நூலாகவே வெளியிட்டார். அயலார் சகவாசம் கறுப்பையே மாற்றுமானால், வெள்ளை எம்மாத்திரம்? ரெட் ஆக்சைடு தரையில் பட்டு எழும்பும் வெயில் சுவருக்குச் சிவப்பேற்றும். ஜன்னலோரத்து வேப்பமரம் பச்சையேற்றும். ஆகையால், விரலகலக் கார்டை நம்பாமல், இரண்டடிப் பலகைகளில் இரண்டு கோட் அடித்து, நன்றாக உலர்ந்தபின், காலையிலும் உச்சிவேளையிலும் விளக்கேற்றிய பிறகும் ஒவ்வொரு சுவரிலும் சாத்திவைத்துப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

கேள்வி: எல்லா வெள்ளையும் ஒன்றுதான் என்கிறாரே கடைக்காரர்? (வாசகர், விருதுநகர்)

பதில்: அப்படியானால் இருப்பதிலேயே விலை குறைந்ததைக் கேளுங்கள்; வித்தியாசத்தை அவரே விஸ்தாரமாக எடுத்துரைப்பார்.

கேள்வி: பகலில் இதமாயிருக்கும் கிரீம் சுவர், இரவில் வெளிறிப்போகிறது. பெயிண்ட் மட்டமா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: பெயிண்ட் நிரபராதி; குற்றவாளி விளக்குதான். 6500 கெல்வின் பல்பைக் கழற்றிவிட்டு 3000 கெல்வின் பல்பை மாட்டுங்கள், கிரீம் திரும்பிவிடும்.

கேள்வி: எந்த வெள்ளை அதிர்ஷ்டம் தரும்? (வாசகர், சேலம்)

பதில்: ஈரக்கசிவை நிறுத்திய சுவரில் அடித்த எந்த வெள்ளையும்.

கேள்வி: வயோதிகத்தால் பார்வை மங்கிய என் தாயாரின் அறைக்கு எந்த வெள்ளை உகந்தது? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: அம்மா, வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளிப்பதால், நாம் கார்டை வைத்துக்கொண்டு வாதாடும் நுட்ப பேதங்களில் பல அவர்களுக்குப் புலப்படமாட்டா. கண் கூசாதபடி பளபளப்பில்லாத எந்த வெள்ளையையும் அடியுங்கள். ஆனால் கதவின் நிலையையும், ஸ்விட்ச் பலகையையும், கைப்பிடிக் கம்பியையும் சுவரினின்று தெளிவாகப் பிரிந்து தெரியும்படி அடர்ந்த வர்ணத்தில் அமையுங்கள். இராத்திரி எழுந்து நடக்கும் தாயாருக்குச் சுவர் எங்கே முடிகிறது, வாசல் எங்கே தொடங்குகிறது என்று தெரிவதே முக்கியம். மற்ற அழகெல்லாம் அதற்குப் பிற்பாடுதான்.