ஐந்தெழுத்துப் பைத்தியம்

கேள்வி: காலையில் எழுந்தால் மாமனாரும் ஐந்தெழுத்து என்கிறார், செல்லும் கையுமாக என் பையனும் ஐந்தெழுத்து என்கிறான். என்ன சார் வித்தியாசம்?
- நடுவில் மாட்டிய மருமகள், சிதம்பரம்

பதில்: மாமனாருக்கு விடை முன்பே தெரியும், நமசிவாய. பையன் வேர்டில் விளையாட்டில் ஆறு தடவைக்குள் தட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பையனுக்குக் கொஞ்சம் சூடாகக் காபி கொடுங்கள்.

கேள்வி: இந்த வேர்டில் விளையாட்டைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்?
- தூக்கம் கெட்டவர், திண்டுக்கல்

பதில்: ஜோஷ் வார்டில். வேல்ஸ்காரர், நியூயார்க்கின் புரூக்ளினில் குடியிருந்த மென்பொருள் பொறியாளர். சொல் விளையாட்டில் பிரியம் கொண்ட துணைவி பாலக் ஷாவுக்காகச் செய்தார். தன் குடும்பப் பெயரில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி விளையாட்டுக்கு வைத்தார். ஆங்கிலத்தின் ஐந்தெழுத்துச் சொற்கள் சுமார் 12,000-ஐ பாலக்தான் உட்கார்ந்து சலித்து, நாலு பேருக்குத் தெரிந்தவை என்று 2,500 அளவுக்குக் கொண்டுவந்தார். அவர் கல் பொறுக்கிய அரிசியைத்தான் இத்தனை நாள் பொங்கிச் சாப்பிடுகிறோம். 2021 நவம்பர் 1-ஆம் தேதி ஆடியவர்கள் 90 பேர். மூன்றே மாதத்தில், 2022 ஜனவரி கடைசியில், நியூயார்க் டைம்ஸ் ஏழு இலக்க டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டது. வீட்டில் ‘எனக்காக ஒண்ணாவது செஞ்சிருக்கீங்களா?’ என்று கேட்டால் இனி அலட்சியம் வேண்டாம்.

கேள்வி: நான் தினமும் ‘அடியூ’ என்றுதான் ஆரம்பிக்கிறேன். ஒரே அடியில் நாலு உயிரெழுத்து. ஆனாலும் தம்பிதான் ஜெயிக்கிறான்.
- தோற்ற அக்கா, ஈரோடு

பதில்: அடியூ என்றால் பிரெஞ்சில் ‘போய் வருகிறேன்’. உள்ளே வரும்போதே விடைபெற்றால் எப்படி? உயிரெழுத்து மொத்தமே ஐந்து, ஒன்றிரண்டு ஏறக்குறைய எந்தச் சொல்லிலும் இருக்கும். ஆளைக் காட்டிக்கொடுப்பது மெய்யெழுத்துதான். எஸ், ஆர், எல், என் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தம்பி ‘ஸ்லேட்’ அல்லது ‘கிரேன்’ போட்டு ஆரம்பிக்கிறான் என்று நினைக்கிறேன், எட்டிப் பாருங்கள்.

கேள்வி: பின்னால் உள்ள நாலு எழுத்தும் பச்சை, இடமும் சரி. முதல் எழுத்து ஒன்றுதான் பாக்கி. அப்படியும் தோற்றேன்!
- கைக்கெட்டியது வாய்க்கெட்டாதவர், நாகர்கோவில்

பதில்: ஐ, ஜி, ஹெச், டி என்று முடிந்திருக்குமே? அது புதைகுழி. லைட், நைட், ரைட், ஃபைட், மைட், சைட், டைட், எய்ட் என்று எட்டுப் பேர் உள்ளே ஒளிந்திருக்கிறார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டால் உங்கள் வாய்ப்பு தீரும், அவர்கள் தீர மாட்டார்கள். பச்சையைக் கண்டு மயங்காமல், விடையாக இருக்கவே முடியாத ‘ஃபிலிம்ஸ்’ என்ற சொல்லைத் தட்டுங்கள். எஃப், எல், எம், எஸ் நாலும் ஒரே வரிசையில் விசாரணைக்கு வந்துவிடும். எஃப் பச்சையானால் ஃபைட். எல் மஞ்சளானால், அதாவது சொல்லில் உண்டு ஆனால் இடம் வேறென்றால், லைட், எம் என்றால் மைட், எஸ் என்றால் சைட். நாலும் சாம்பலா, அதாவது சொல்லிலேயே இல்லையா? எட்டு நாலாகக் குறைந்தது, அதுவே லாபம். கிடைத்த எழுத்துகளை அடுத்த சொல்லிலும் வைத்தே ஆகவேண்டும் என்ற ‘ஹார்டு மோடு’ போட்டுக்கொண்டு ஆடும் வீரர்கள் இப்படித் தப்பிக்க முடியாது. அவர்களுக்கு என் அனுதாபம்.

அந்த ஜி-யும் ஹெச்-சும் எதற்கு நடுவில் சும்மா நிற்கின்றன என்று கேட்காமல் விட்டீர்களே! ஒரு காலத்தில் அவற்றுக்குச் சத்தம் இருந்தது, தொண்டையிலிருந்து காறினாற்போல. ஜெர்மன்காரர் இன்றும் இரவை ‘நாஹ்ட்’ என்கிறார். ஆங்கிலேயர் வாய் விட்டுவிட்டது, பேனா விடவில்லை.

கேள்வி: க்யூ வந்தால் பின்னாலேயே யு வரவேண்டும் என்றார் எங்கள் டீச்சர். ஸ்கிராபிளில் எனக்கு க்யூ மட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறது. யு-வைக் காணோம்.
- ஒற்றை மாடு, புதுக்கோட்டை

பதில்: டீச்சர் சொன்னது லத்தீன், பிரெஞ்சு வழி வந்த சொற்களுக்கு. அரபியிலிருந்து வந்த ஃபக்கீர், நிகாப் இரண்டுக்கும் யு இல்லாத ஐந்தெழுத்து வடிவம் உண்டு. சீனாவிலிருந்து வந்த ‘சீ’ இன்னும் சிக்கனம். உயிர்மூச்சு என்று அர்த்தம், க்யூவும் ஐ-யும் மட்டும். 10 கூட்டல் 1, ஆக 11. ஏற்கெனவே பலகையில் உள்ள ஓர் ஐ-க்குப் பக்கத்தில், எழுத்து மதிப்பை மும்மடங்காக்கும் கட்டத்தில் க்யூவை வைத்து, குறுக்கிலும் நெடுக்கிலும் சொல்லாக்கினால் 31-ம் 31-ம் 62. செலவு இரண்டே டைல்.

கேள்வி: ஆங்கிலத்தில் உயிரெழுத்தே இல்லாத சொல் உண்டா?
- மெய்யன்பன், காரைக்குடி

பதில்: ‘ரிதம்’. ஆறெழுத்து, ஏ ஈ ஐ ஓ யு எதுவும் கிடையாது. ஆனால் ஒய் என்று ஒருவர் மாறுவேடத்தில் நிற்கிறார் பாருங்கள், உயிர் அவரிடம் இருக்கிறது.

கேள்வி: ஜி, ஆர், ஒய் என்று முடியும் ஆங்கிலச் சொல் மூன்று உண்டாமே? ‘ஆங்ரி’, ‘ஹங்ரி’ தெரியும். மூன்றாவது?
- காலையிலிருந்து தேடுபவர், மதுரை

பதில்: சாப்பிடாமல் தேடுங்கள். முதலில் இரண்டாவது வரும், பிறகு முதலாவது வரும். பல வருஷம் இந்தப் புதிரைச் சொல்லித்தான் ஊரை ஏமாற்றினார்கள். அப்போது புழக்கத்தில் மூன்றாவது கிடையாது. பசியில் வரும் கோபத்துக்கு ‘ஹேங்ரி’ என்று புதிதாக ஒன்றைச் செய்தார்கள், 2018-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் ஏற்றுக்கொண்டது. தென்னிந்தியக் கல்யாணப் பந்தியில் இடம் பிடிக்க நின்றவர்களுக்கு அந்த உணர்ச்சி பழசு.

கேள்வி: நம் சொல் எதுவும் அவர்கள் ஐந்தெழுத்தில் கிடையாதா?
- பெருமைக்கு ஏங்குபவர், கோவை

பதில்: நம் கறிதான் அவர்கள் ‘கறி’. மாங்காய் போர்ச்சுகீசியக் கப்பலேறி ‘மேங்கோ’ ஆனது. வெற்றிலை ‘பீட்டல்’, கொப்பரை ‘கோப்ரா’. கடைசி மூன்றிலும் மலையாளத்துக்குப் பங்கு உண்டு, பாகப்பிரிவினை வேண்டாம். ஸ்கிராபிளில் இட்லியும் செல்லும். தோசைக்குத்தான் வேடிக்கை: ஒன்று என்றால் ‘தோசா’, பன்மையில்தான் ‘தோசை’ செல்லுபடி. ஒன்றோடு நிறுத்தாதே என்று அகராதியே சொல்கிறது.

கேள்வி: ஆங்கிலம் சுமாராகத்தான் வரும். நான் ஸ்கிராபிள் ஆடலாமா?
- தயங்குபவர், திருவாரூர்

பதில்: நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிளில் உலக சாம்பியன். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. ஒன்பது வாரம் சொற்பட்டியலை மனப்பாடம் செய்தார், அவ்வளவுதான். 2024-இல் ஸ்பானிஷிலும் அதே கதை. அர்த்தம் தெரியாமல் ஒப்பிப்பதில் நாம் யாருக்கும் சளைத்தவர்களா?

கேள்வி: ஈ என்ற எழுத்தே வராமல் ஒருவர் ஆங்கில நாவல் எழுதினாராமே?
- நம்பாதவர், தூத்துக்குடி

பதில்: எர்னஸ்ட் வின்சென்ட் ரைட், 1939, ‘கேட்ஸ்பி’. 50,000 சொற்களுக்கு மேல். கை தவறிவிடக்கூடாது என்று டைப்ரைட்டரில் அந்த எழுத்துக் கம்பியையே கட்டிப்போட்டார். உங்கள் பக்கத்தில் திருச்செந்தூர் முருகன்மேல் சிவப்பிரகாசர் 17-ஆம் நூற்றாண்டிலேயே நிரோட்டக அந்தாதி பாடிவிட்டார், உதடு ஒட்டாத எழுத்துகளாலேயே. அதில் ‘அம்மா’ என்றுகூடக் கூப்பிட முடியாது. அவர் எதையும் கட்டிப்போடவில்லை.

கேள்வி: தங்கை போனில் ‘மூணாவது எழுத்து டி’ என்கிறாள். எந்த டி?
- அக்கா, சேலம்

பதில்: டாக் டியா, டைகர் டியா என்று கேளுங்கள். பதில் ‘போடி’ என்று வந்தால், அது மூன்றாவது டி.

கேள்வி: இன்றைய விடையை மட்டும் ரகசியமாகச் சொல்லிவிடுங்களேன்!
- அவசரக்காரர், வேலூர்

பதில்: ஐந்து வரிசை போய்விட்டது. என் முன்னால் நைட்டும் டைட்டும் நிற்கிறார்கள். நீங்கள் சொல்லுங்கள்.