அல்லிப் பெரட்டு

"அடடா, பத்து நிமிஷம் முந்தி வந்திருக்கக் கூடாதா தம்பி?"

அல்லிக்காரர் வீட்டில் செருப்பைக் கழற்றுமுன்பே கிடைக்கும் வரவேற்பு இது. நீங்கள் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போயிருக்கலாம். இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கலாம். அதெல்லாம் அப்புறம். முதலில் நீங்கள் தாமதமாக வந்தவர். எது விரிந்ததோ அது உங்களுக்கு முன்பே விரிந்துவிட்டது. எது மூடியதோ அது உங்கள் மோட்டார் சைக்கிள் முனை திரும்பியபோதுதான் மூடியது.

ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று தோட்டத்து லயங்களை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்த தலைமுறையில் இந்த ரகம் தெருவுக்கு ஒருவராவது உண்டு. கண்டக்டராகவோ கிராணியாகவோ இருந்து ஓய்வு பெற்றவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கூப்பிட்ட வாய். உடம்புக்குத்தான் ஓய்வு, வாய்க்கு இல்லை. 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்ட தென்னமரம் தோட்டம் இங்கேதான் இருக்கிறது என்று ஆரம்பிப்பார். அன்றைக்கும் பேர் கூப்பிட்டது இவர்தானோ என்று நமக்குச் சந்தேகம் வந்துவிடும்.

வீட்டு முன்னால் கார் நிற்க வேண்டிய இடத்தில் இப்போது அல்லித் தொட்டிகள். டிராகன் போட்ட பழைய ஜாடி, பாதியாக அறுத்த நீல டிரம், கதவைக் கழற்றி மல்லாக்கக் கிடத்திய ஐஸ்பெட்டி. கார் சாலையோரம் வெயிலில் காய்கிறது. செடிகள் சுங்கை பூலோ நர்சரிகளிலிருந்து வந்தவை. 1930இல் திறந்த தொழுநோயாளர் குடியிருப்பில் நோயாளிகளே பயிரிட்டு வளர்த்த தொழில் அது, இன்றைக்கும் சாலை நெடுகப் பச்சையாக நிற்கிறது. மண் மட்டும் ஜெராம் பக்கத்துக் களிமண். பூச்செடிக்கென்று பையில் விற்கும் மண் ஆகாது, தண்ணீரில் மிதந்து மேலே வந்துவிடும் என்பார். அது உண்மைதான். இந்த மனிதர் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை. சங்கடமே அதுதான்.

அல்லி நேரம் பார்த்துப் பூக்கும். பகல் அல்லி காலை ஒன்பது வாக்கில் விரிந்து நாலு, ஐந்துக்குள் மூடிக்கொள்ளும். மூன்று நான்கு நாள் இப்படித் திறந்து மூடிவிட்டுத் தண்ணீருக்குள் தலையைச் சாய்த்துவிடும். ராத்திரி அல்லி பொழுது சாய்ந்தபின் விரிந்து மறுநாள் முற்பகல்வரை நிற்கும். சாதாரண மனிதர் இதை ஒரு முறை சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார். இவருக்கு இது ஆள் வருகை எழுதும் செக்ரோல் புத்தகம்.

காலை ஏழு மணிக்குக் கையில் கோப்பியோடு முதல் பெரட்டு. ராத்திரி ஷிப்ட் இன்னும் வேலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்பதுக்கு இரண்டாவது. "மஞ்சள், வந்தாச்சு. நீலம், வந்தாச்சு. சிவப்பு? நேத்தும் வரல, இன்னிக்கும் வரல." வேலைக்கு வராதவன் லயத்துக்கு ஆள் அனுப்பி விசாரிப்பதுபோல் உடனே விசாரணை. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு தொட்டிக்குள் கைவிட்டுக் கிழங்கைத் தடவிப் பார்க்கிறார். செம்பனைக்குப் போடும் உரத்தில் கொஞ்சம் எடுத்து, பழைய நாளிதழில் பொட்டலம் மடித்து, சேற்றுக்குள் கட்டைவிரலால் அழுத்துகிறார். பிறகு நாலு மணிக்கு, யார் யார் மூடிவிட்டார்கள் என்ற கணக்கு. எட்டு மணிக்கு டார்ச் விளக்கோடு ராத்திரிப் பெரட்டு. ஒவ்வொரு பெரட்டும் படத்தோடு, நேரத்தோடு வாட்சாப்பில் வந்து சேரும். "9.10. நீலம் முழுசா." பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருந்தால் தொலைபேசி அடிக்கும். "படம் கெடச்சுதா தம்பி? நேர்ல வேற மாதிரி இருக்கும்."

ஆக, ஒரு நாளில் அவரால் ஆபத்து இல்லாத நேரம் எது? கணக்குப் போட்டுப் பார்த்தால் மாலை ஐந்திலிருந்து ஏழு. பகல் பூ மூடியிருக்கும், ராத்திரிப் பூ திறந்திருக்காது. விவரம் தெரிந்தவர்கள் ஏணி, பத்திரிகை, கோயில் ரசீது எல்லாவற்றையும் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்ளப் பார்ப்பார்கள். நானும் ஒரு நாள் ஐந்தரைக்குப் போனேன். அவர் முகம் வாடவே இல்லை. ஆள்காட்டி விரலால் ஓர் இலையை விலக்கி, தண்ணீருக்கடியில் கழுத்தை வளைத்து நின்ற மொட்டு ஒன்றைக் காட்டினார். "இது நாளைக்கு. அதோ அது மறுநாள்." வராத ஆட்களுக்கும் பேர் கூப்பிடுகிறார்!

நியாயமாகப் பேச வேண்டுமானால், அவர் காட்டியதில் ஒன்று மறக்கவில்லை. பகல் அல்லி முதல் நாள் விரிந்ததும் அதன் நடுக்குழியில் கண்ணாடிபோல் ஒரு நீர் நிற்கும். வேறொரு பூவின் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு வரும் சின்னத் தேனீ வழவழப்பான இழைகளில் வழுக்கி அதில் விழும். மகரந்தம் நீரில் கழுவுண்டு சூல்முடிக்குப் போய்விடும். தேனீ பல நேரம் வெளியே வராது. மறுநாள் அந்த நீர் இருக்காது, பூ இப்போது தன் மகரந்தத்தைக் கொடுக்கிறது. அவர் குனிந்து ஈர்க்குச்சியால் ஒரு தேனீயைத் தூக்கிவிட்டார், அது இதழ் விளிம்பில் உட்கார்ந்து காலைத் துடைத்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "மொத நாள் பொண்ணு, ரெண்டா நாளு ஆம்பள" என்ற விளக்கத்தைப் பெண் பார்க்க வந்த சம்பந்தி வீட்டாரிடமும் சொன்னார் என்று கேள்வி.

மோனேயைப் பற்றி அவருக்கு யாரோ வீடியோ அனுப்பித் தொலைத்துவிட்டார்கள். ஜிவெர்னியில் அந்த ஓவியர் 1893இல் குளம் வெட்டப் போனபோது, வெளியூர்ச் செடி ஆற்றுத் தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று ஊர்க்காரர்கள் எதிர்த்தார்களாம். "பாத்தீங்களா, அங்கயும் அக்கம்பக்கம் இப்படித்தான்." அல்லி இலையில் படிந்த தூசியைக் கழுவிவிட மோனே ஒரு தோட்டக்காரரை வைத்திருந்தார் என்பதும் அதே வீடியோவில் வந்திருக்க வேண்டும். அதை இவர் சொல்வதில்லை.

ஏனென்றால் இங்கே அந்தத் தோட்டக்காரர் அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா. பழுத்த இலையைக் கிள்ளுவது அக்கா. வெயிலில் வற்றிய தண்ணீரை வாளி வாளியாக நிரப்புவது அக்கா. தஞ்சோங் காராங் வயல் வாய்க்காலிலிருந்து அவர் ஆசையாகப் பிடுங்கிவந்த ஏதோ ஒரு செடியோடு தங்க நத்தையும் குடியேறிவிட்டது. தொட்டி விளிம்பில் ரோஸ் நிறத்தில் அது அப்பிவைக்கும் முட்டையைக் கத்தியால் சுரண்டுவதும் அக்காதான். முட்டி வலியோடு. அவர் பேர் கூப்பிடுகிறார், வேலையை இன்னொருவர் செய்கிறார். தோட்டத்தில் பார்த்த அதே ஏற்பாடு, சம்பளம் மட்டும் இல்லை. இதில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

சுகாதார அதிகாரிகள் வந்தாலும் கதவைத் திறப்பது அக்கா. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏடிஸ் புழு அகப்பட்டால் அபராதம் கட்ட வேண்டியிருக்கும். அவர்கள் பெரும்பாலும் காலையில்தான் வருவார்கள். டார்ச் அடித்துத் தொட்டி தொட்டியாகக் குனிவார்கள். அல்லிக்காரர் உள்ளேயிருந்து ஓடி வந்து, "வாங்க வாங்க, சரியான நேரத்துக்கு வந்தீங்க!" என்பார். அந்த வீட்டுக்கு இதுவரை நேரத்தோடு வந்த விருந்தாளிகள் அவர்கள் மட்டுமே. அவர்கள் புழுவைத் தேட, இவர் 2010இல் அனைத்துலகப் போட்டியில் பரிசு வாங்கிய வன்விசா என்ற தாய்லாந்து அல்லியின் பெருமையை மலாயில் விவரிப்பார். காப்பாற்றுவது என்னவோ லோங்காங் மீன்கள்தான். சாக்கடையில் பிடித்து விட்ட அந்தப் பொடி மீன்கள் ஒரு புழுவையும் மிச்சம் வைப்பதில்லை.

பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றி ஈயம் தோண்டிய பழைய குட்டைகளில் தாமரை கேட்பாரற்று மண்டிக்கிடக்கிறது. யாரும் பேர் கூப்பிடுவதில்லை. அதுபாட்டுக்குப் பூக்கிறது.

2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் நாற்றக் கழிவு கலந்து நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். ஒரு மில்லியனுக்கும் மேற்பட்ட இணைப்புகளில் குழாய் காற்றைத்தான் ஊதியது. எங்கள் கோலசிலாங்கூர் மாவட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு. தெரு முழுவதும் காலி வாளியோடு லாரிக்குக் காத்திருந்தபோது, தண்ணீர் ததும்பி நின்ற ஒரே வாசல் அல்லிக்காரருடையது. கழிவறைக்கு ஊற்ற ஒரு வாளி என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். "அது செடித் தண்ணி தம்பி, அத எடுக்கக் கூடாது" என்று பதில் வந்தது. அக்காவும் கேட்டிருக்கிறார். அதே பதில்.

மறுநாள் காலைப் பெரட்டில் நீல டிரம்மில் ஒரு சாண் தண்ணீர் குறைந்திருந்தது. ஜாடியிலும் குறைந்திருந்தது. இலைகள் விளிம்பைவிட்டு இறங்கிக் கிடந்தன. யார் எடுத்தது என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

"கொரங்கு குடிச்சிருக்கும்" என்றார் அக்கா, அடுப்படியிலிருந்து.

அவர் நம்பிவிட்டார். அன்றைக்கே கடைக்குப் போய்ப் பச்சை வலை இரண்டு சுருள் வாங்கிவந்து தொட்டிகளுக்கு மேல் கட்டினார். அன்றுமுதல் வாட்சாப்பில் வரும் பூவெல்லாம் கட்டம் கட்டமாகத்தான் வருகிறது, கீழே குரங்குகளைத் திட்டி இரண்டு வரியோடு.