நீர்க்கட்டி பேசுறேன், கேளு பேராண்டி

வாடா பேராண்டி, திண்ணையில குந்து. ரெண்டாவது வருசம்தான் வந்துக்கிறே, அதுக்குள்ள கண்ணு ரெண்டும் கோட்டான் கண்ணு மாதிரி கீது. காலையில ஏழு மணிக்குக் காலேஜ் பஸ்ஸு, சாயங்காலம் கோடிங் கிளாஸு, சனிக்கிழமை என்.எஸ்.எஸ்., ஞாயித்துக்கிழமை கல்ச்சுரல்ஸுக்கு டான்ஸு பழகுற. மூணு வாட்ஸப் குரூப்புக்கு அட்மின் வேற. கலெக்டருக்குக்கூட இத்தினி ஜோலி கெடையாதுடா. இன்னும் நாலு கிளப்பு பாக்கி கீதாமே? அதையும் வுட்டுடாதே, சேந்துடு.

பஸ்ஸுல குந்த எடம் இல்லன்னு மூஞ்சியத் தூக்குறியே, நம்ம பூந்தமல்லியில பொறந்த திருக்கச்சி நம்பி இங்கேருந்து காஞ்சிபுரம் வரதராசருக்குப் பூ எடுத்துக்கினு நடந்தே போவாருன்னு பெரியவங்க சொல்லுவாங்க. அந்தப் பூவும் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசுறதும்தான் அவருக்கு வேலை. அவரையும் புடிச்சு ஹேக்கத்தான்ல சேத்துவுட்டிருந்தா, பூவு நசரத்பேட்டையிலயே வாடிப்போயிருக்கும்.

75 சதவீதம் வந்தாப் போதும்னு அண்ணா யுனிவர்சிட்டிக்காரன் சொன்னானாம். நீ மீதி 25-ஐ மாமன் வூட்டுச் சீரு மாதிரி வாங்கி வச்சிக்கினே. செமஸ்டர் தொடங்கி மூணாவது வாரத்துக்குள்ள பாதிச் சீரைத் துன்னுட்டே. 65 இருந்தாக்கூட மெடிக்கல் சர்டிபிகேட்டுல தப்பிச்சிக்கலாம்னு கணக்குப் போடுறே பாரு, அந்த மூளையில ஒரு கரண்டி எடுத்து மேக்ஸ் அரியருக்கு ஊத்தக் கூடாதா? ஒரே வருசத்துல எத்தினி தபாடா டைஃபாய்டு வரும் உனக்கு? உங்க ஆயா அதை நெசம்னு நம்பி திருவேற்காட்டு அம்மனுக்கு நேந்துக்கினா. மொட்டை யாருக்குன்னு கேக்கலையே நீ? முடியை ஆசையா வளத்துக்கினு கீறே.

கரையான் புத்தெடுக்கப் பாம்பு குடிபோன கதையை உன் குரூப் ப்ராஜெக்ட்ல பாத்தேன். நீ ராத்திரி முழிச்சு எழுதினே, நாலு பேரு பேரை மட்டும் போட்டுக்கினு மார்க்கு வாங்கிட்டானுங்க. அடுத்த தபா நீயும் பாம்பாப் போடான்னு சொல்லலாம். உனக்குத்தான் நெளியத் தெரியாதே!

சரி, தமாசு போதும். செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணியில பயிரு வச்ச காலத்துல நான் நீர்க்கட்டி. மம்புட்டியத் தோள்ல போட்டுக்கினு எந்த மடையை எப்போ தொறக்கணும்னு பாக்குறது என் வேலை. எல்லாரும் ஒரே நேரத்துல தண்ணி கேப்பான். அதுல ஒரு ரகசியம் கீது. எவன் தொண்டை கிழியக் கத்துறானோ, அவன் வயல்ல நேத்து ராத்திரியே திருட்டுத் தண்ணி பாஞ்சிருக்கும். வரப்புல வாயத் தொறக்காம நிக்கிறான் பாரு கடைமடைக்காரன், அவன் நெலம்தான் வெடிச்சுக் கெடக்கும்.

உன் போனு மேல்மடைக்காரன் மாதிரி நாள் பூரா கத்துது. மேக்ஸு கத்துமா? தூக்கம் கத்துமா? ரெண்டும் வரப்புல பேசாம நிக்குது. இன்டர்னல் 40 கீது, பாத்துக்கலாம்னு சொல்றே. அந்த 40-ஐ முழுசா வாங்கினாலும், பரீட்சையில 60-க்கு 27 வரலைன்னா ஃபெயிலுன்னு உன் ரெகுலேஷன் பொஸ்தகத்துலயே போட்டுக்கீறான். பக்கத்து வூட்டுப் பொண்ணு படிச்சுக் காமிச்சா. நீ அந்தப் பொஸ்தகத்தை இன்னும் பிரிக்கவே இல்லையாமே.

செம்பரம்பாக்கம் ஏரிக்கு முழு ஒசரம் 24 அடி. மழைக் காலத்துல 24 வரைக்கும் ரொப்பி வச்சிக்கினு யாரும் குந்த மாட்டான், முன்கூட்டியே தொறந்துவுடுவான். 2015 டிசம்பர்ல கடைசி நேரத்துல வுட்ட தண்ணி 29,000 கன அடின்னு சொன்னாங்க. அடையாறு என்னா ஆட்டம் ஆடுச்சு! உன் பரீட்சையும் அதே நவம்பர், டிசம்பர்லதான் வருது. நீயோ ஆகஸ்ட்லயே 24 அடி ரொப்பிட்டே. இன்னா சிரிக்கிறே? அந்த வருசம் மழையில பரீட்சையைத் தள்ளி வச்சானே, அந்த மாதிரி இந்தத் தபாவும் வரும்னு வேண்டிக்கிறியா? ஆயாகிட்ட சொல்லு, அதுக்கும் நேந்துக்குவா.

தமிழ்ப் புதல்வன் பணம் மாசம் ஆயிரம் வருதே, அதுல பொஸ்தகம் எத்தினி வாங்கினேன்னு கேக்க மாட்டேன். பிரியாணிக் கடைக்காரனைக் கேட்டுக்கிறேன்.

இன்னாடா முறைக்கிறே? 'நீ மட்டும் வாலிபத்துல யோக்கியனா தாத்தா'ங்கிறியா? நேத்து ராத்திரியே திருட்டுத் தண்ணி பாஞ்சிருக்கும்னு சொன்னேனே, அந்த மடையைத் தொறந்துவுட்டது யாருன்னு நெனச்சே? மாமனார் வயலு. பொண்ணு குடுக்க மாட்டேன்னு நின்னாரு. மெதுவாப் பேசு, ஆயா காதுல வுழப்போவுது.