பெயர் மட்டும் புதுசு

சுதந்திரம் வாங்கிய கையோடு நாம் கார் செய்யக் கற்றுக்கொண்டோம் என்று பெருமையாகச் சொல்வார்கள். பாதி உண்மை. கார் என்னவோ இங்கிலாந்திலும் இத்தாலியிலும் பிறந்து, வளர்ந்து, ஓடிக் களைத்து, ரிட்டயர்மென்டுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தது. நாம் செய்தது நாமகரணம். காதில் மூன்று முறை பெயரைச் சொல்லி, நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தடவினால் புது வண்டி ரெடி.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டையே பாருங்கள். அதில் ஒரு மாடலுக்கு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1954-ல் வைத்த பெயர் 'லேண்ட்மாஸ்டர்'. ஊரெங்கும் ஜமீன்தாரி ஒழிப்பு நடந்துகொண்டிருந்த நேரம் பார்த்து 'நிலக்கிழார்' என்று ஒரு கார்! யாரோ முதலாளியின் காதைக் கடித்திருக்க வேண்டும். அடுத்த மாடல் 1957-ல் வந்தபோது நிலக்கிழார் 'அம்பாசடர்' ஆகிவிட்டார். நேரு உலகமெல்லாம் தூதர்களை அனுப்பிக்கொண்டிருந்த காலம், பொருத்தமாகத்தான் இருந்தது. இங்கிலாந்தில் மூல வண்டிக்கு 1959-லேயே காரியம் முடிந்துவிட்டது. நம் தூதரோ வங்காளத்து உத்தர்பாராவில் 2014 வரை பதவியில் இருந்தார். நடுவில் மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று பதவி உயர்வு வேறு. ஒவ்வொரு முறையும் முன்பக்க கிரில் மாறும். தாத்தாவுக்குப் பல் செட் மாற்றிவிட்டுப் புது மாப்பிள்ளை என்று ஊர்வலம் விட்டார்கள்.

பம்பாயில் ஃபியட் கார் செய்தவர்களுக்கு வேறு சங்கடம். இத்தாலிக்காரனோடு போட்ட ஒப்பந்தம் முடிந்துபோனதால் 'ஃபியட்' என்ற பெயரை விட வேண்டியதாயிற்று. கொஞ்ச நாள் 'பிரசிடென்ட்' என்று ஓட்டிப் பார்த்தார்கள். 1974-ல் ஜனாதிபதி திடீரென்று பெண்ணாகி 'பத்மினி' ஆனார். சித்தூர் ராணியை நினைத்து வைத்த பெயராம். நமக்குப் பத்மினி என்றால் நாட்டியப் பேரொளிதான். 'சித்தூர் ராணி பத்மினி' என்று ஒரு படம் வந்ததே என்பீர்கள். அதில் ராணியாக நடித்தவர் வைஜயந்திமாலா. இந்தக் குழப்பமெல்லாம் எதற்கு என்று தமிழ்நாடு கடைசி வரை அதை ஃபியட் என்றே கூப்பிட்டது.

இதில் மதராஸ் சும்மா இருக்குமா? வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி இருந்தது. ட்ரையம்ப் ஹெரால்டை 1961-ல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' ஆக்கினார்கள். இத்தாலியின் மிகெலாட்டி வரைந்த அழகான வண்டி. பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுசாகக் கவிழும். எஞ்சின் அம்மணமாக நிற்கும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். காருக்குள்ளேயே மெக்கானிக்குக்கு நாற்காலி போட்ட கம்பெனி உலகத்தில் அது ஒன்றுதான் என்பது என் கட்சி. இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டே கதவு. பாட்டி, பேரன், எவர்சில்வர் தூக்கு, கூஜா எல்லாம் முன்சீட்டை மடக்கிப் பின்னால் ஏறுவது நடக்கிற காரியமா? வண்டலூரில் நாலு கதவு வைத்தார்கள். இங்கிலாந்துக்காரன் கண்ணிலேயே காணாத ஹெரால்டு அது. நம் கார் சரித்திரத்தில் கூட்டுக் குடும்பம் செய்த ஒரே கண்டுபிடிப்பு.

பிறகு அதே வண்டியைக் கொஞ்சம் தட்டி நிமிர்த்தி, 1970-களில் 'கெசல்' என்று விட்டார்கள். மானின் பெயர். ஆங்கிலத்தில் அந்த மானுக்கு உள்ள கடைசி இரண்டு எழுத்துகளைக் காணோம். பெர்மிட் ராஜ்ஜியத்தில் எழுத்துக்கும் கோட்டா போலிருக்கிறது.

இத்தனைக்கும் இவற்றை வாங்க அடிதடி. பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வண்டி வந்த அன்றே விற்றால் வாங்கியதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். ஓட்ட ஓட்ட விலை ஏறும் பொருளை அன்றைக்கு நாம்தான் வைத்திருந்தோம். பெண் பார்க்கப் போன இடத்தில் "புக் பண்ணியிருக்கோம்" என்று சொன்னாலே பெண் வீட்டார் காபியை இன்னொரு தரம் சூடாகக் கொடுக்கச் சொல்வார்கள்.

1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் மாருதியின் சாவியைக் கொடுத்தார். ஜப்பான் சுசுகிக்கு அனுமார் பெயர். நாமகரணம் விடவில்லை பாருங்கள்! ஆனால் இந்தக் குழந்தை நிஜமாகவே குழந்தை. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆனது. தள்ளுவதற்கென்றே வளர்த்த தெருப் பையன்கள் வேலை இழந்தார்கள்.

அப்போதாவது மற்றவர்கள் திருந்தியிருக்கலாம். உத்தர்பாராவில் வாக்ஸ்ஹால் என்ற இங்கிலாந்து வண்டியின் உடம்புக்கு 'கான்டெஸா' என்று பெயர் வைத்து, உள்ளே அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினையே உட்கார வைத்தார்கள். கான்டெஸா என்றால் பிரபு வீட்டு அம்மாள். அவளுக்கு மாட்டு வண்டி வேகம்.

ஆனால் 1985-ல் வண்டலூர் போட்டது அதையும் தூக்கிச் சாப்பிட்டது. ரோவர் எஸ்டி 1 என்று ஒரு பிரிட்டிஷ் வண்டி. ஃபெராரியைப் பார்த்து வரைந்த மூக்கு, 3.5 லிட்டர் வி8 எஞ்சின். 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் பட்டம். அங்கே போலீஸ்காரர்கள் அதில்தான் திருடனைத் துரத்தினார்கள். அதன் உடம்பை இங்கே கொண்டுவந்து, வி8-ஐ விட்டுவிட்டு, 1940-களின் வான்கார்டு காரின் வம்சத்து எஞ்சினை வைத்தார்கள். அந்த வம்சத்தில் இன்னொரு பிள்ளை ஃபெர்கூசன் டிராக்டரில் உழுதுகொண்டிருந்தது. நம் ரோட்டைப் பற்றித் தெரிந்தவர்கள், ஆகவே உடம்பையும் கொஞ்சம் தரையிலிருந்து தூக்கி வைத்தார்கள். வேட்டி நனையாமல் இருக்க மடித்துக் கட்டிய ஃபெராரி. பெயர் 'ஸ்டாண்டர்டு 2000'. எந்த நூற்றாண்டு எஞ்சின் என்று யாரும் சந்தேகப்படக் கூடாதே என்றுதான் அப்படி வைத்தார்களோ என்னவோ. சில வருஷங்களிலேயே அந்தக் கதை முடிந்தது. 2000-ஆம் ஆண்டை அது பார்க்கவில்லை.

உத்தர்பாராவில் கடைசி அம்பாசடர் வெளிவந்து மூன்று வருஷம் கழித்து, 2017-ல் பிரான்சின் பூஜோ குழுமம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸிடம் பேரம் பேசி 80 கோடி ரூபாய் எண்ணி வைத்தது. எஞ்சின் வேண்டாம், அச்சு வேண்டாம், ஸ்டெப்னிகூட வேண்டாமாம். 'அம்பாசடர்' என்ற பெயர் மட்டும் போதுமாம்.